காரில் எரிபொருள் கோளாறு: பம்பை மாற்றுவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் மேம்பாலத்தில் ஏறும்போது இழுவை இல்லாமல் திணறுகிறது. இரண்டுக்கும் பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பம்ப் போயிடுச்சு சார்." போயிருக்கலாம். ஆனால் பம்புக்கு முன்னால் ஃபியூஸ், ரிலே (கரண்ட்டைத் திறந்து மூடும் குட்டி ஸ்விட்ச்), ஒயர், இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இருக்கின்றன. பின்னால் ஃபில்டர், ரெகுலேட்டர் (பிரஷரை ஒரே அளவில் வைப்பது), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீச்சுவது) இருக்கின்றன. எந்த இடத்தில் தடை என்று அளந்து பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த, பெட்ரோல் கார்களுக்கு. டீசல் வேறு உலகம். அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

இது பெட்ரோல் பிரச்சினையா, ஸ்பார்க் பிரச்சினையா?

சில விநாடி செல்ஃப் அடித்த பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்திருக்கிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கிறது. நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, த்ராட்டில் பாடிக்குள் (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்) ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்துவிட்டு செல்ஃப் அடிப்பது. இன்ஜின் இரண்டு விநாடி பிடித்து அணைந்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, பெட்ரோல் மட்டும் வரவில்லை. சில பட்டறைகளில் ஸ்ப்ரேக்குப் பதில் பெட்ரோலையே உள்ளே ஊற்றுவார்கள். பேக்ஃபயர் ஆனால் தீ முகத்துக்கு வரும், வேண்டாம். டீசல் காரில் ஸ்ப்ரேயும் கூடாது. ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் டேஷ்போர்டை ஒரு முறை பாருங்கள். சாவி படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, அப்போது பெட்ரோலைத் தேடுவது வீண். கேஜ் முள்ளும் பொய் சொல்லும். மிதவை சிக்கிக்கொண்டால் காலி டேங்கையும் கால் டேங்க் என்று காட்டும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பதை விட மலிவான சோதனை இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாமா? ஆபத்து இல்லையா?

ஃபியூஸ், ரிலே, வோல்டேஜ், ஸ்கேனர் (இசிஎம் சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி), இவற்றை வீட்டில் பார்க்கலாம். பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலை என்றால் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் தீயணைப்பானோடு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு படர்ந்து, நாலடி தள்ளி எரியும் பூஜை விளக்கைக்கூடத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். குழாயில் கை வைக்கும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினை அணையும் வரை ஓடவிட்டு, பிரஷரை இறக்கிவிடுங்கள்.

சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்குக் கீழே கேட்கும் "விர்ர்" சத்தம் வரவில்லை. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் சாவி ஆன் ஆனதும் இசிஎம் இரண்டு மூன்று விநாடி பம்பை ஓட்டி, குழாயில் பிரஷர் ஏற்றி வைத்துவிட்டு நிறுத்திவிடும். அப்புறம் இன்ஜின் சுற்றுகிறது என்று, அதன் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் சொன்னால்தான் மறுபடி ஓட்டும். விபத்தில் கார் கவிழ்ந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அதனால் சத்தம் இல்லை என்றால் வரிசையாக வாருங்கள். முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் புதிதைப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். ஏன் எரிந்தது என்பதுதான் கேள்வி. பம்ப் இறுகி அதிகக் கரண்ட் இழுத்திருக்கலாம், எலி கடித்த ஒயர் பாடியில் உரசியிருக்கலாம். அடுத்து ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ ரேடியேட்டர் ஃபேனுக்கோ அதே எண் போட்ட ரிலே இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பம்ப் ஓடி ஹாரன் ஊமையானால் ஒரு ரிலே விலையில் வேலை முடிந்தது.

ரிலேயும் சரி என்றால் பம்ப் கப்ளரை (ஒயர் செருகும் இணைப்பு) கழற்றி, மல்டிமீட்டரையோ, இன்னும் நல்லது, ஒரு டெஸ்ட் லேம்பையோ வைத்து, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். லேம்பை ஏன் சிபாரிசு செய்கிறேன் என்றால், பாதி அறுந்து நூலிழையில் நிற்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். லேம்ப் எரியக் கரண்ட் வேண்டும், அங்கே குட்டு உடைந்துவிடும். லேம்ப் பளிச்சென்று எரிந்தும் பம்ப் ஓடவில்லை என்றால், எர்த்தும் சரியாக இருந்தால், இப்போது தைரியமாகப் பம்பைக் குற்றம் சொல்லலாம்.

லேம்ப் எரியவே இல்லையா? அப்படியானால் பம்ப் நிரபராதி. இங்கே ஒரு உள்ளூர் விஷயம் உண்டு. கால் டாக்ஸிகளிலும் கடனில் எடுத்த வண்டிகளிலும் ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டும்போது, தூரத்திலிருந்தே வண்டியை நிறுத்துவதற்காக, பம்ப் ஒயரை நறுக்கி நடுவில் ஒரு குட்டி ரிலே போடுவார்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய அந்த ஜாயின்ட் இரண்டு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள் ஸ்டீயரிங்கிற்குக் கீழே ஒரு முறை குனிந்து பார்ப்பது நல்லது. ஃபோர்டு, ஃபியட் பழைய மாடல்கள் சிலவற்றில் விபத்தின்போது பம்பை நிறுத்தும் தனி ஸ்விட்சும் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்ததில் அது தட்டிவிட்டிருக்கலாம்; பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

டேங்கின் அடியில் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறதே?

பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது பிரஷ் கொஞ்சம் நகர்ந்து தொடுகிறது. வீடு போய்ச் சேர உதவும் வித்தை. மறுநாள் பம்ப் வாங்கிவிடுங்கள்.

பம்ப் சத்தம் நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் பம்ப் சரிதானே?

இல்லை. மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும் தெரியும். பிரஷர் ஏறுகிறதா என்பதைக் காதால் கேட்க முடியாது, பிரஷர் கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண எம்பிஎஃப்ஐ கார்களில் ஃபியூயல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இருக்க வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்கள் காரின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுதான் கணக்கு. டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார் என்றால் டேங்க் பம்புக்குப் பிறகு இன்ஜினில் இன்னொரு உயர் அழுத்த பம்ப் உண்டு. அங்கே நூறு பாருக்கு மேல் சாதாரணமாகப் போகும், அதனால் சாதா கேஜை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஸ்கேனரில்தான் படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கேஜ் மாட்டத் தனி வால்வு கிடையாது. சப்ளை குழாயில் டி-ஜாயின்ட் போட்டு மாட்டுவார்கள். மாட்டியதும் நான்கு நிலைகளில் பாருங்கள்: சாவி ஆனில், ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது), ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது, இன்ஜினை நிறுத்திய பிறகு. சாவி ஆனிலேயே ஏறவில்லை என்றால் பம்போ, அதன் அடியில் உள்ள வலை ஃபில்டரோ, ரெகுலேட்டரோ. மிதிக்கும்போது மட்டும் முள் சரிந்தால் அடைப்பு, அல்லது களைத்துப்போன பம்ப். நிறுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் எங்கோ கசிவு.

பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய் வைத்த பழைய எம்பிஎஃப்ஐ கார்களில் ரெகுலேட்டர் ரயிலிலேயே இருக்கும். ஐடிலில் அதன் வேக்குவம் குழாயை (இன்ஜினின் உறிஞ்சல் வரும் சிறு குழாய்) பிடுங்கினால் பிரஷர் சுமார் அரை பார் ஏற வேண்டும். பிடுங்கிய குழாயை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. கறுப்புப் புகைக்கும் மைலேஜ் குறைந்ததற்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பிரஷர் சரியாக இருக்கிறது. ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுக்க மாட்டேன் என்கிறதே?

பிரஷர் ஒன்று, அளவு இன்னொன்று. அடைத்த ஃபில்டர் வழியாகவும் ஐடிலுக்குத் தேவையான சொற்பப் பெட்ரோல் போய்விடும், முள்ளும் சரியாகவே நிற்கும். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அதனால் ஓடும்போது அளக்க வேண்டும். அல்லது குழாயை ஒரு அளவுக் குடுவையில் விட்டுப் பம்பை ஓட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் சுமார் அரை லிட்டர் வந்தால் பெரும்பாலான சிறிய கார்களுக்குப் போதும்.

குறைவாக வந்தால் ஃபில்டர். புதிய கார்கள் பலவற்றில் வெளியே தனி ஃபில்டரே கிடையாது, பம்ப் மாட்யூலுக்குள் இருக்கிறது. அடுத்தது வோல்டேஜ். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கப்ளரில் அளந்தால் பேட்டரி வோல்டேஜுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். பேட்டரியில் 14, பம்பில் 11.5 என்றால் நடுவில் துருப்பிடித்த எர்த்தோ கருகிய கப்ளரோ கரண்ட்டைத் தின்கிறது. அந்த நிலையில் புதுப் பம்பைப் போட்டாலும் பழைய கதைதான்.

இரண்டும் சரி என்றால் எரிபொருளை விட்டுவிடுங்கள். சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துப்போனாலும் அச்சு அசலாக இதே அறிகுறியைக் காட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

மூன்று பேரைச் சந்தேகப்படலாம்: சூடேறினால் நின்றுபோகும் பம்ப், சூடேறினால் சிக்னல் கொடுக்காமல் போகும் கிராங்க் சென்சார், அடைத்துப்போன டேங்க் காற்றுவழி.

கடைசியைச் சோதிப்பது எளிது. அணைந்ததும் டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று பலமாகக் காற்றை உள்ளே இழுத்து, உடனே கார் ஸ்டார்ட் ஆனால் வென்ட் அடைத்திருக்கிறது. கிராங்க் சென்சாரைப் பிடிக்க, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். இருநூறு முந்நூறு காட்ட வேண்டும். பூஜ்யமே நின்றால் இன்ஜின் சுற்றுவதே இசிஎம்முக்குத் தெரியவில்லை. பம்பையும் ஓட்டாது, இன்ஜெக்டரையும் திறக்காது. இந்தச் சென்சார் செய்த குற்றத்துக்குப் பம்ப் தண்டனை அனுபவிப்பது சர்வ சாதாரணம்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் மலை ஏறும்போது ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுவார்கள். இன்ஜினோடு ஒட்டியிருந்த பம்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வேப்பர் லாக் ஆகும், துணி அதைக் குளிர்விக்கும். பம்ப் டேங்குக்குள் மூழ்கி, அழுத்தத்தோடு தள்ளும் இன்றைய கார்களில் அது அரிது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் உங்கள் கார் அணைந்தால் துணியை நனைக்காமல் ஸ்கேனரைத் தேடுங்கள்.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓடும்போது குறையே இல்லை.

சாவியை ஆன் செய்து, சத்தம் நின்றதும் ஆஃப் செய்து, இதை மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால், இரவில் குழாயில் நிற்க வேண்டிய பிரஷர் இறங்கிவிடுகிறது. பம்பில் உள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர், இவற்றில் ஒன்று. ஸ்டார்ட் ஆகும்போது கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர் ஒழுகி சிலிண்டரை நனைத்திருக்கிறது. வாடை இல்லை என்றால் பம்ப் வால்வோ ரெகுலேட்டரோ. வால்வுதான் என்றால், சாவியை மூன்று முறை போடும் பழக்கத்தோடு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஸ்கேனரில் பி0171 வருகிறது. இன்ஜெக்டர் கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காரணத்தை அது சொல்வதில்லை. காரணத்தைச் சொல்வது ஃபியூயல் டிரிம் எண்கள். அடிப்படைக் கணக்கை விட இசிஎம் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூடக் கொடுக்கிறது, எத்தனை குறைக்கிறது என்பதுதான் டிரிம். மலிவான புளூடூத் டாங்கிளும் போன் செயலியும் போதும்.

ஐடிலில் ஷார்ட் (அந்த நொடியின் திருத்தம்), லாங் (பழகிவிட்ட நீண்ட காலத் திருத்தம்) இரண்டு டிரிம்மையும் கூட்டிப் பாருங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் பிளஸ் 20, வேகத்தில் பிளஸ் 3 என்றால் எங்கோ வேக்குவம் குழாய் கிழிந்து காற்று நுழைகிறது. பெட்ரோல் பாதையைத் தொட வேண்டாம். தலைகீழாக, ஐடிலில் சாதாரணம், வேகத்திலும் லோடிலும் பிளஸ் 15, 20 என்று ஏறினால் எரிபொருள் போதவில்லை, கேஜை எடுங்கள். காற்றளவு சென்சார் அழுக்கானாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் காட்டும், ஆகவே கேஜ் சரி என்றால் அடுத்து அதைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் (சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) என்றால்தான் இன்ஜெக்டர் மீது எனக்கு நியாயமான சந்தேகம் வரும். அதன் கப்ளரைக் கழற்றி ஓம் அளந்தால் பெரும்பாலான கார்களில் 11 முதல் 18 வரை இருக்கும், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் ஆள் அகப்பட்டான். சர்வீஸ் பில்லில் தவறாமல் ஏறும் "இன்ஜெக்டர் கிளீனிங்" பற்றி என் கருத்து: அறிகுறி இல்லாத காருக்கு அது தேவையில்லை.

இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் என் கார் கெட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ10 என்றால் 10 சதவீதம். ஓரளவு இருக்கலாம், எல்லாவற்றுக்கும் அதைக் காரணம் சொல்வதும் நடக்கிறது. எத்தனாலுக்கு மூன்று குணங்கள். டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்து எடுத்து வரும். அதனால் பழைய காரில் முதலில் ஃபில்டர் அடைபடும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸையும் சீலையும் உப்பவோ வெடிக்கவோ செய்யும். ஈரத்தையும் உறிஞ்சும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த கார்களில் ரப்பர் பாகங்கள் இதற்கேற்ப மாற்றப்பட்டவை. அதற்கு முந்தையது என்றால் இன்ஜின் அறையிலும் டேங்க் அருகிலும் உள்ள ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், மேலே வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

டிரிம் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ10-ல் சுமார் 14.1, இ20-ல் சுமார் 13.5. இ10-க்குப் பழகிய கார் இ20-ல் நான்கைந்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். அந்த பிளஸ் 4, 5 கோளாறு இல்லை.

பங்கில் போட்டு வந்த அன்றே இழுவை போய்விட்டது. தண்ணீரா, கலப்படமா?

ஃபில்டருக்கு முன் கொஞ்சம் பெட்ரோலை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் நின்றால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் சிறிதளவு தண்ணீர் கரைந்தே இருக்கும், பாட்டில் தெளிவாகத்தான் தெரியும். அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான், அதனால்தான் திடீரென்று நிற்கிறது. டேங்கை முழுவதும் இறக்கிக் கழுவ வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கி எழுந்த கார்களைப் போன்றவற்றுக்கு இதோடு பம்ப் கப்ளரின் பின்களையும் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்துக்கு பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேட்கலாம், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கியின் (நாசில்) முனையைத் துடைத்துவிட்டு, அந்த பேப்பரில் ஒரு துளி விடுங்கள். சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் ஆவியாகும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.

சிஎன்ஜி கிட் உள்ள கார். ஏதாவது சுலபமாகக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்களுக்கு அதிர்ஷ்டம். கேஸில் மாற்றி ஓட்டுங்கள். கேஸில் சீராக ஓடி பெட்ரோலில் மட்டும் திணறினால் ஸ்பார்க், கம்ப்ரஷன், சென்சார் எல்லாம் ஒரே அடியில் விடுதலை. கேஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்களுக்குப் பெட்ரோல் இன்ஜெக்டர் ஒட்டிக்கொள்வது சகஜம். வாரத்தில் ஓரிரு முறையாவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

டீசல் காரில் எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் இன்ஜின்களில் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லூஸ் செய்து எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்ப்பார்கள். காமன் ரயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள இன்றைய டீசல் இன்ஜின்) அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஸ்டார்ட் ஆகாத காமன் ரயில் காரில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ரயில் பிரஷரைப் பாருங்கள். பல கார்களில் சுமார் 200 பாரை எட்டாவிட்டால் இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்காது. ஏறவில்லை என்றால் குறைந்த அழுத்தப் பக்கத்திலிருந்து வாருங்கள். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். ஃபில்டருக்கும் உயர் அழுத்த பம்புக்கும் நடுவே ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸ் போட்டால் காற்றுக் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். குமிழி வந்தால் எங்கோ ஜாயின்ட்டில் காற்று இழுக்கிறது. கைப்பம்ப் உள்ள கார் என்றால் அது கெட்டியாகும் வரை அமுக்கி ஏர் எடுங்கள். டீசல் தீர்ந்து நின்ற காருக்கும் இதே வைத்தியம்தான்.

அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒரே நேரம் ஓட்டுங்கள், ஓடாவிட்டால் செல்ஃப் அடியுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றை முந்தி நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து பிரஷரை விடுகிறது. விலையுயர்ந்த உயர் அழுத்த பம்பை மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள்!

சாவியைக்கூட ஆன் செய்யாதீர்கள். தள்ளி ஓரம் நிறுத்தி, டேங்கை வடிக்க ஏற்பாடு செய்யுங்கள். உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் எண்ணெய்; பெட்ரோலில் அந்த வழுவழுப்பு கிடையாது.

எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்ப் கெடுமா?

பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்தும் அதன் வழியாகவும் ஓடும் பெட்ரோல். கால் டேங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. எப்போதோ ஒரு நாள் போனால் ஒன்றும் ஆகாது.

பம்ப்தான் என்று உறுதியாகிவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும்?

சில கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் மூடி இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும், கூலியும் அதற்கேற்ப. மோட்டார் மட்டும் தனியாகக் கிடைத்தால் முழு மாட்யூல் தேவையில்லை, ஆனால் வலை ஃபில்டரையும் சீல் வளையத்தையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். டேங்கின் அடியில் துருவோ சேறோ தெரிந்தால் கழுவாமல் மாட்ட விடாதீர்கள். எடுத்த பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், "அண்ணே, கேஜ் போட்டீங்களா? பழசு எவ்வளவு காட்டுச்சு, புதுசு எவ்வளவு காட்டுது?" என்று கேட்டு இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.